பறத்தல் பிரிவில் ஓர் எறும்புத்தின்னி

ஒரு காட்டில் குடிக்கத் தண்ணீர் கிடையாது, ஆனால் கல்லூரி இருந்தது. குளம் ஒன்றும் இருந்ததுதான். அது மண் மேவி, கோரைப்புல் முளைத்து, மாடு மேய்கிற அளவுக்கு வந்துவிட்டது. அதைத் தூர்வார, தோண்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று குளத்துக்காரர்கள் ஒவ்வொரு கோடையிலும் கல்லூரிக்குச் சொல்லி அனுப்புவார்கள். கல்லூரியும் ஒவ்வொரு கோடையிலும் பறத்தல் படித்தவர்களை அனுப்பிவைக்கும். அவர்கள் குளத்தை மேலே இருந்து நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், அதற்குத்தான் கதை.

அந்தக் கல்லூரியில் செம்பி என்று ஓர் எறும்புத்தின்னி படித்தாள். எறும்புத்தின்னியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உடம்பெல்லாம் அடுக்கடுக்காகச் செதில் இருக்கும். முன்காலில் கொக்கி மாதிரி நகம் இருக்கும். மண்ணைக் கண்டால் கை நிற்காது, தோண்டும். பயம் வந்தால் சுருண்டு உருண்டையாகிவிடும். அப்புறம் சிறுத்தை வந்து இழுத்தாலும் விரிக்க முடியாது, அதுவாக மனசு வைத்தால்தான் உண்டு.

இப்படிப்பட்ட செம்பி படித்தது பறத்தல் இயல். மூன்றாம் ஆண்டு.

சிரிக்காதீர்கள், அவள் விரும்பிச் சேரவில்லை. கல்லூரியில் யார் எதைப் படிக்க வேண்டும் என்று சொல்ல ஒருவர் இருந்தார். முனைவர் கோட்டான் சார் என்கிற ஆந்தை. அவருக்குப் படிப்பு ஆலோசகர் என்று பெயர். ராத்திரியில் ஊசி விழுந்தாலும் பார்ப்பார், பகலில் பாறை நின்றாலும் தெரியாது. கல்லூரியோ மாணவர் சேர்க்கையை உச்சி வெயிலில் வைத்தது. செம்பி அவர் முன்னால் போய் நின்றாள். சார் பாதிக் கண்ணைத் திறந்தார்.

"உடம்புல என்னமோ அடுக்கடுக்கா இருக்கே. இறகா?"

"செதில் சார்."

"ஏதோ ஒண்ணு. பறத்தல்ல சீட் காலியா இருக்கு. போய்ச் சேரு."

"சார், எனக்குத் தோண்டத்தான்..."

சார் தூங்கிவிட்டார். அவ்வளவுதான் கவுன்சலிங்.

செம்பி கெட்டிக்காரி. எழுத்துத் தேர்வுகளில் எல்லாம் முதல் வகுப்பு. காற்றின் திசையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாள். செய்முறைத் தேர்வில்தான் அடி விழுந்தது. பாறை உச்சியில் நிற்க வைத்துக் குதி என்றார்கள். கீழே பார்த்தாள், பயம் வந்தது, சுருண்டாள், சரிவில் உருண்டு போய்ப் புதரில் நின்றாள். தேர்வாளர் எழுதினார்: வேகம் நன்று, திசை தவறு. ஒவ்வொரு தடவை எழுதியும் அதே அரியர் அதே இடத்தில் நின்றது.

இந்த அரியரோடு அவள் வேலை தேடிப் போன இடம் கல்லூரியின் இன்னொரு மூலை. அங்கே காத்தாயி மேடம் இருந்தார். காகம். வேலைவாய்ப்பு ஆலோசகர். எந்த ஊரில் எந்தக் கம்பெனி என்ன சாப்பாடு மிச்சம் வைக்கிறது என்பது வரைக்கும் மேடத்துக்கு விரல் நுனியில் தெரியும். விடிகிறதுக்கு முன்னாலேயே வந்துவிடுவார், பொழுது சாய்ந்ததும் பறந்துவிடுவார். கல்லூரி வாசலில் 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. அதற்கு அவர்தான் பொறுப்பு.

மேடம் கழுகுக் கம்பெனியைக் கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கூட்டி வந்தார். கழுகுகள் செம்பியைப் பார்த்துப் பற என்றன. செம்பி சுருண்டாள். கழுகுகள் கொஞ்ச நேரம் உருண்டையைக் கொத்திப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டன.

"பறக்கப் படிச்சுட்டு ஏன்டி பறக்க மாட்டேங்கிற?" என்று மேடம் கேட்டார்.

"மேடம், எனக்குத் தோண்டத் தெரியும். குளத்துல தூர்வார ஆள் கேக்குறாங்களாம். அங்க அனுப்புங்க."

"தோண்டல் படிச்சிருக்கியா?"

"இல்ல."

"படிக்காம எப்படி அனுப்புறது? போய் சாரைப் பாத்துத் தோண்டல் பாடத்துக்கு மாத்திட்டு வா."

செம்பி காட்டைக் கடந்து சாரிடம் போனாள். அவர் இருட்டிய பிறகுதான் வாய் திறப்பார்.

"தோண்டலுக்கு மாத்தணுமா? அதுல வேலை இருக்குன்னு வேலைவாய்ப்புல ஒரு கையெழுத்து வேணும். வேலையே இல்லாத பாடத்துக்கு எப்படி மாத்துறது? போய் மேடத்தைப் பாரு."

செம்பி மறுபடி காட்டைக் கடந்தாள். மேடம் சொன்னார், "படிச்சவங்க இருந்தாத்தானே வேலை இருக்குன்னு எழுத முடியும்? சாரோட கையெழுத்தை முதல்ல வாங்கிட்டு வா."

இப்படியே அலைந்தாள். பாவம், எறும்புத்தின்னி பின்னங்காலில் நடக்கிற ஜீவன். கால் தேய்ந்துபோயிற்று. வழியில் புற்றைப் பார்த்தால்கூட நின்று சாப்பிட நேரமில்லை.

சும்மா அலையவில்லை அவள், கழுத்துக்கு மேல் ஒரு கத்தி தொங்கியது. அவளுடைய அப்பா கண்டிப்பான ஆள். வைகாசியில் சொல்லிவிட்டார். "ஆடி முடியறதுக்குள்ள வேலை வந்தா வேலைக்குப் போ. வரலைன்னா ஆவணியில கல்யாணம்." மாப்பிள்ளை தென்மலைப் பக்கம். சொந்தப் புற்று. அதிகம் பேச மாட்டான். சாப்பிடுவான், சுருண்டு படுப்பான், எழுந்தால் சாப்பிடுவான். குடும்பமே மெச்சுகிற பையன். செம்பி ஒரே ஒரு தடவை அவனைப் பார்த்தாள். அவன் முழிப்பாக இருக்கும்போது பார்த்தாளா தூங்கும்போது பார்த்தாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"எனக்கு அந்தப் புத்தும் வேணாம், அந்தத் தூக்கமும் வேணாம். குளத்துல ஒரு மூலையைக் குடுத்தா தோண்டிட்டுக் கிடப்பேன்," என்று அவள் வரிசையில் நின்ற ஆமையிடம் சொல்லி அழுதாள்.

ஆமை பெருமாள்சாமி அண்ணனும் அவள் மாதிரியேதான். அவருக்கு நீச்சல் ஆசை. படித்தது மரமேறல். எந்த வருஷம் சேர்ந்தார் என்று யாருக்கும் நினைவில்லை. "அழாத தங்கச்சி. ரெண்டு பேரையும் ஒரே இடத்துல உக்கார வெச்சா எல்லாம் சரியாயிடும்," என்றார். அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தரக்குழு வருகிறது என்று சேதி வந்தது. கல்லூரி முதல்வர் ஒரு மயில். முதல்வர் வேலை என்றால் நடப்பது, நின்றால் விரிப்பது, விரித்தால் ஒரு போட்டோ எடுக்கச் சொல்வது. தரக்குழு ஒரு கேள்வி அனுப்பியிருந்தது. உங்கள் கல்லூரியில் படிப்பு ஆலோசனையும் வேலை ஆலோசனையும் ஒன்றாக இணைந்திருக்கிறதா? இணைந்திருந்தால் மதிப்பெண் உண்டு.

"இணைச்சிட்டாப் போச்சு," என்றார் முதல்வர்.

பெரிய இலுப்பை மரத்துப் பொந்து ஒன்றைக் காலி செய்தார்கள். 'ஒருங்கிணைந்த வழிகாட்டு மையம்' என்று பலகை மாட்டினார்கள். சாருடைய நாற்காலியையும் மேடத்துடைய நாற்காலியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். முதல்வர் ரிப்பன் வெட்டினார், தோகை விரித்தார், போட்டோ எடுத்தார்கள். மாணவர்கள் கைதட்டினார்கள். செம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

இதில் ஒரு சின்ன விஷயத்தை மறந்துவிட்டார்கள். ஆந்தைக்கும் காகத்துக்கும் ஆகாது. தாத்தன் முப்பாட்டன் காலத்துப் பகை. பகலில் ஆந்தையைப் பார்த்தால் காகம் கொத்தும், இருட்டில் காகத்தைப் பார்த்தால் ஆந்தை கொத்தும். இது காட்டில் பொடிசுகளுக்குக்கூடத் தெரியும். முதல்வருக்கும் தெரியும். அதனால் அவர் ஒரு நல்ல ஏற்பாடு செய்தார். பகல் முழுக்க மேடம் இருப்பார், சார் வீட்டில் தூங்குவார். இருட்டியதும் சார் வருவார், மேடம் போய்விடுவார். ஒரே அறை, ஒரே பலகை, அடுத்தடுத்த நாற்காலி. ஆனால் ஒருவர் மூஞ்சியில் ஒருவர் முழிக்க வேண்டியதில்லை.

முன்பு செம்பி காட்டின் இரண்டு மூலைக்கும் நடந்தாள். இப்போது ஒரே மரத்தடியில் இரண்டு தடவை வரிசையில் நின்றாள். பகலில் மேடம், "சாரைக் கேளு" என்றார். இருட்டியதும் சார், "மேடத்தைக் கேளு" என்றார். நடை மிச்சம் என்று பெருமாள்சாமி அண்ணன் மட்டும் பாராட்டினார்.

ஆடி தேய்ந்துகொண்டே வந்தது. தென்மலையிலிருந்து பூ வைக்க எப்போது வரலாம் என்று கேட்டு ஆள் வந்துவிட்டுப் போனது. செம்பிக்கு மண்டை காய்ந்தது.

கடைசியில் தரக்குழு வருகிற நாளும் வந்தது. குழுவின் தலைவர் ஒரு நாரை, எதைச் சொன்னாலும் கழுத்தை ஆட்டுகிறவர். முதல்வர் முதல் நாளே இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கட் அண்ட் ரைட்டாகச் சொல்லிவிட்டார். "குழு பொழுது சாயற நேரத்துல வருது. அந்தக் கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் உள்ள இருக்கணும். சிரிச்ச மூஞ்சியா இருக்கணும். அப்புறம் உங்க பாடு."

வரிசையில் நின்ற செம்பியின் காதில் இது விழுந்தது. இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

பொழுது சாய்ந்தது. பொந்துக்குள் ஒரு நாற்காலியில் சார், இன்னொன்றில் மேடம். ஒருவர் கிழக்கே பார்த்தார், ஒருவர் மேற்கே பார்த்தார். செம்பி வாசலில் போய் நின்றாள்.

"சார், மேடம். ரெண்டு பேரும் இருக்கீங்க. எனக்குத் தோண்டலுக்கு மாத்தி, குளத்து வேலைக்கு அனுப்பணும். ஆளுக்கொரு கையெழுத்துதான்."

சார் மேற்கே பார்த்தபடியே சொன்னார், "மேடத்தைக் கேளு."

மேடம் கிழக்கே பார்த்தபடியே சொன்னார், "சாரைக் கேளு."

"பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க?"

"என் நேரம் இன்னும் ஆரம்பிக்கலை," என்றார் சார்.

"என் நேரம் முடிஞ்சு போச்சு," என்றார் மேடம்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். சிறகு விரித்து, அலகைத் தூக்கி, நகர்டி என்று வந்தார்கள். செம்பிக்கு வந்தது கோபமா, அவமானமா, பயமா, அவளுக்கே தெரியவில்லை. பாறை உச்சியில் என்ன செய்தாளோ, கழுகுகள் முன்னால் என்ன செய்தாளோ, அதையேதான் செய்தாள். சுருண்டுவிட்டாள்.

சுருண்ட இடம் பொந்தின் வாசல். பொந்து வாசலின் அளவும் செம்பி உருண்டையின் அளவும் செய்துவைத்த மாதிரி பொருந்திவிட்டது.

சார் அலகால் நெம்பினார். மேடம் கொத்தினார். இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள், வாழ்க்கையில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். உருண்டை அசையவில்லை. செம்பிக்கு உள்ளே இருட்டாக இருந்தது, பயம் மெல்லப் போயிற்று. பயம் போனதும் யோசனை வந்தது.

"கையெழுத்துப் போடுங்க. விரியறேன்," என்றாள் உருண்டைக்குள்ளிருந்து.

"யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா?" என்றார் சார்.

"தெரியலை சார். சுருண்டா எனக்கு ஒண்ணும் தெரியாது."

அப்புறம் உள்ளே நடந்ததைச் சொல்ல வேண்டாம். இறகு பறந்தது. நாற்காலி உடைந்தது. இவர் தாத்தாவை அவர் இழுத்தார், அவர் பாட்டியை இவர் இழுத்தார். களைத்துப்போய் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வேறு வழியில்லாமல் பேச்சு வேலைப் பக்கம் திரும்பியது.

"எல்லாம் உங்களால வந்தது," என்றார் மேடம். "எறும்புத்தின்னியை யாராவது பறத்தல்ல சேப்பாங்களா?"

"நீங்க வருஷா வருஷம் கழுகுக் கம்பெனியைத்தானே கூட்டிட்டு வரீங்க? பறக்கிறவங்களுக்குத்தான் வேலைன்னு நினைச்சு நான் பறத்தல்ல ஆளை நிரப்பினேன்."

மேடம் சாரை நேராகத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க வருஷா வருஷம் பறத்தல்ல ஆளை நிரப்புறீங்களேன்னுதான் நான் கழுகுக் கம்பெனியைக் கூட்டிட்டு வந்தேன்."

செம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் பாறை உச்சியில் அவள் நின்றதற்குக் காரணம் இவ்வளவுதான். இவரைப் பார்த்து அவர் செய்தார், அவரைப் பார்த்து இவர் செய்தார். குறுக்கே அவள் ஒருத்தி இருக்கிறாள் என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. சுருண்டிருந்ததால் கண்ணீர் அவள் வயிற்றிலேயே விழுந்தது.

"இது வெளிய தெரிஞ்சா?" என்றார் சார், ரொம்ப மெதுவாக.

"ரெண்டு பேருக்கும் சீட்டுக் கிழியும்," என்றார் மேடம்.

"மாணவங்க முன்னால நாம ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்தாத்தானே தெரியும்?"

"அதான் நானும் யோசிக்கிறேன்."

பரம்பரைப் பகை அந்த இடத்தில் தீர்ந்தது. பொதுவான பயம் இருந்தால் எதிரிகள் எப்படிக் குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள் தெரியுமா? கேட்க அவ்வளவு அன்பாக இருக்கும்.

அந்த நேரத்தில் முதல்வர் தரக்குழுவோடு மரத்தடிக்கு வந்துசேர்ந்தார். பொந்து அடைத்திருந்தது. முதல்வருக்குத் தோகை சுருங்கிவிட்டது. நாரை அலகைச் சாய்த்து உள்ளே காதுகொடுத்தது. ஒரு காகக் குரலும் ஓர் ஆந்தைக் குரலும் ஒரு மாணவியைப் பற்றித் தணிவாக, ஒற்றுமையாகப் பேசுவது கேட்டது.

"ஆகா," என்றது நாரை. "காகமும் ஆந்தையும். ஒரே அறையில. அதுவும் கதவைச் சாத்திக்கிட்டு, ஒரு மாணவி விஷயமா. எந்தக் காட்டுலயும் நான் இதைப் பார்த்ததில்லை. இந்தக் கதவும் புதுசா இருக்கே?"

செம்பி என்றும், மூன்றாம் ஆண்டு என்றும், அரியர் என்றும் முதல்வர் சொல்லியிருக்கலாம். முதல்வர் ஆகிறவர்கள் அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

"எங்க மாணவிதான் ஐயா. படிக்கிற இடத்துலயே வேலை. படிப்பையும் வேலையையும் இதைவிட எப்படி ஐயா இணைக்கிறது?"

நாரை கழுத்தை ஆட்டியது. உயர்ந்த தரம் என்று எழுதிவிட்டு, மேலே எதுவும் கேட்காமல், அங்கே மீன் கிடைக்குமா என்று மட்டும் விசாரித்தது. குளம் இருக்கிற நிலைமையைச் சொன்னார்கள். வருத்தப்பட்டுக்கொண்டே போயிற்று.

குழு போனதும் முதல்வர் உருண்டையைத் தட்டினார். "விரிம்மா. நல்ல சேதி."

செம்பி விரிந்தாள். உள்ளேயிருந்து சாரும் மேடமும் தோளோடு தோள் உரச வெளியே வந்தார்கள்.

"என் கையெழுத்து?" என்றாள் செம்பி.

"கையெழுத்துப் போட்டா நீ குளத்துக்குப் போயிடுவ," என்றார் மேடம், தேனாக. "அங்க தண்ணி வந்ததும் உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அது தற்காலிகம். கதவு நிரந்தரம்."

"அரியர்?"

"கதவு பறக்கணும்னு எந்த விதியிலயும் இல்லை," என்றார் சார். முழு முழிப்பாக இருந்தார், கண் பளபளத்தது. "நானே பாத்து முடிச்சு விடறேன்."

"என்ன வேலை செய்யணும்?"

"பொழுது சாயற நேரத்துல வாசல்ல சுருண்டிருக்கணும். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கிறது அந்த நேரம்தான். அப்ப யாரும் உள்ள வந்துடக் கூடாது. நாங்க பக்கத்து வழியா போயிக்குவோம், மரத்துல இன்னொரு ஓட்டை போட்டுக்கிறோம்," என்றார் மேடம்.

செம்பி தன் நகங்களைப் பார்த்தாள். குளத்து மூலையை நினைத்துப் பார்த்தாள், ஈர மண் எப்படி இருக்கும் என்று. மாப்பிள்ளையையும் நினைத்துப் பார்த்தாள், அவன் குறட்டை எப்படி இருக்கும் என்று. ஆவணி எத்தனை கிட்டத்தில் இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தாள்.

"லீவு உண்டா?" என்று கேட்டாள்.

அவளைக் குறை சொல்லாதீர்கள். நீங்களும் நானும் அதைத்தான் கேட்டிருப்போம்.

வீட்டில் அப்பா முதலில் முகம் சுளித்தார். "கதவா?" என்றார். "நிரந்தரம்ப்பா," என்றாள் செம்பி. அப்பா எழுந்து நின்று, பக்கத்துப் புற்று வரைக்கும் கேட்கிற குரலில், "எம் பொண்ணு ஒருங்கிணைந்த மையத்துல இருக்கா," என்றார். கல்யாணப் பேச்சு அப்படியே நின்றது. தென்மலைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தார்கள். அவர்கள் கோபிக்கவில்லை. பையனும் நன்றாகச் சுருளுவான், அவனுக்கும் ஒரு வாசல் கிடைக்குமா என்று கேட்டு அனுப்பினார்கள்.

வாசல் ஃப்ளெக்ஸில் செம்பியின் படம் வந்தது, உருண்டையாக.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் பெருமாள்சாமி அண்ணன் மெல்ல நடந்து வந்து பொந்து வாசலில் நின்றார். அவர் அன்றைக்குத்தான் வரிசையின் முன்னால் வந்து சேர்ந்திருந்தார். உள்ளே சாரும் மேடமும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

"செம்பி," என்றார். "நான்தான்ம்மா, பெருமாள்சாமி. ரெண்டு பேரும் உள்ள இருக்காங்க போல. ஒரே ஒரு நிமிஷம் விரிஞ்சேன்னா மரமேறலை விட்டு நீச்சலுக்கு மாறிடுவேன். உனக்கே தெரியும்ல, நாம சேந்துதானே நின்னோம்."

உருண்டை அசையவில்லை. அப்புறம் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது, ரொம்ப மரியாதையாக.

"அண்ணே, படிப்பு விஷயமா, வேலை விஷயமா?"

"ரெண்டும்தான் தங்கச்சி."

"படிப்புன்னா இருட்டினதும் வாங்க. வேலைன்னா விடிஞ்சதும் வாங்க. ரெண்டும்னா பொழுது சாயற நேரத்துலதான் பாக்க முடியும்."

"இப்ப பொழுது சாயற நேரம்தானே?"

"ஆமாண்ணே," என்றாள் செம்பி. "இப்ப கதவு சாத்தியிருக்கு."

பெருமாள்சாமி அண்ணன் திரும்பி வரிசையின் கடைசிக்கு நடக்க ஆரம்பித்தார். குளத்தில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

நீதி: வழி கேட்கிறவனுக்கு அலைச்சல், வழி சொல்கிறவனுக்குச் சம்பளம், வழியை அடைத்துக்கொண்டு உட்காருகிறவனுக்குத்தான் நிரந்தர உத்தியோகம், ஆகவே பிள்ளைகளே, எந்தப் பாடம் எடுப்பது என்று குழம்பாமல் நல்ல வாசலாகப் பார்த்துச் சுருண்டுகொள்ளுங்கள்.